இழுத்தால் மேலே

என் கணவன் ஒலாவி கடைசியாக என்னிடம் கேட்டது என் வலது கையை.

"அந்தக் குட்டிக் கையைக் கொஞ்சம் குடு, ஹெல்கா. என்னுது உள்ள போக மாட்டேங்குது."

மே மாதக் கடைசி, காலை எட்டு மணி. நூலக வண்டி வேலைக்குக் கிளம்பி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, டிராக்டரின் பாட்டரித் தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த சந்தில் கையை விட்டேன். எண்ணெய் ஜில்லென்று இருந்தது. உள்ளே இரண்டு ரப்பர் ஹோஸ்கள். ஒன்றில் அடையாளத்துக்கு நீலக் கயிறு கட்டியிருந்தது, மற்றதில் ஆரஞ்சு. வைக்கோல் கட்டும் கயிறுதான்.

"மேல நீலம், கீழ ஆரஞ்சு. மாத்திட்டா எல்லாம் தலைகீழாயிடும்."

"உனக்கு எதுதான் நேரா இருந்திருக்கு?"

இறுக்கினேன். அவன் ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தான். "பூனை முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பரவால்ல, போதும்." பிறகு தன் சட்டை நுனியால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டான். மீன் சூப் அடுப்பின் ஓரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் போனேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு, ஏரிக்கரை நிறுத்தத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒலாவியின் தம்பி ரெய்னோ வண்டிக்குள் ஏறி வந்தான். தொப்பி அவன் கையில் இருந்தது. வாழ்நாளில் ஒரு புத்தகம்கூட இரவல் வாங்காதவன்.

டிராக்டரின் லோடர் கைகள் மேலே தூக்கியிருந்தபோது ஒலாவி அவற்றின் அடியில் நின்றிருக்கிறான். அவை இறங்கிவிட்டன.

அந்த டிராக்டர் அவன் அப்பா வாங்கியது. முப்பத்தோரு வயது, சிவப்பு நிறம், எங்கே தொட்டாலும் துரு. முன்னால் இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். விறகுக் கூண்டுகளைத் தூக்கி வைப்பது அவற்றின் வேலை. பழைய வால்வு தேய்ந்துபோய், தூக்கி நிறுத்திய கூண்டு தானாகவே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. புதுசுக்குக் கடையில் சொன்ன விலைக்கு அதே மாதிரி இரண்டு டிராக்டர் வாங்கலாம். ஒலாவி உடைந்த காட்டு இயந்திரம் ஒன்றிலிருந்து ஒரு வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அதற்கு ஈடாகக் கொடுத்தது இரண்டு புகைபோட்ட மீன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடே வைக்கவில்லை. என் கேக் தட்டில் பெட்ரோலை ஊற்றி ஸ்பிரிங்குகளைக் கழுவினான். நூலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய அட்டைகளின் பின்புறம் ஹோஸ் எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்று வரைந்தான். நான் ரப்பர் வளையங்களை அளவுவாரியாகப் பிரித்து முட்டைப் பெட்டியில் வைத்தேன்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. இடுப்பு மூட்டு மாற்றியதிலிருந்து டிராக்டர் மேல் என்னால் ஏற முடியாது. தரையில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே லீவரைப் பிடிப்பேன். போன இலையுதிர் காலத்தில் கூண்டு ஒருபக்கம் சாய, பயந்துபோய் லீவரைச் சட்டென்று என் பக்கம் இழுத்துவிட்டேன். சீட்டில் உட்கார்ந்து இழுத்தால் கைகள் ஏறும். எதிரே தரையில் நின்று இழுத்தால் இறங்கும். விறகு மொத்தமும், நீராவிக் குளியலுக்கான சவுனாவின் படிக்கட்டில் கொட்டி இரண்டு படி உடைந்தது. ஒலாவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பயந்தா நீ எதையும் உன் பக்கந்தான் இழுப்ப. கதவு, போர்வை, நானு... எல்லாத்தையும்."

அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு ரெய்னோ டிராக்டரில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து லீவரை இழுத்துப் பார்த்தான். ஏறவேண்டிய கைகள் இறங்கின. குனிந்து சந்துக்குள் பார்த்தான். நீலக் கயிறு கீழே இருந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அடக்கம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்:

"அந்த ஹோஸை யாரு மாட்டினது?"

"நான்" என்றேன்.

பன்னில் ஏலக்காய் வாசனை தூக்கலாக இருந்தது நினைவிருக்கிறது. அன்றைக்கே விவசாயிகள் விபத்து நிதிக்கு மூன்று வரியில் கடிதம் எழுதினேன். ஹோஸை மாற்றி மாட்டியது நான். என் கணவன் இறந்தது அதனால். இப்படிக்கு, ஹெல்கா.

அந்தக் கடிதம்தான் கெர்த்துவைக் கூட்டிவந்தது.

ஒலாவி இறந்த பதினோராம் நாள், மழை விட்ட காலையில் ஒரு பழைய பச்சைக் கார் முற்றத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த நெட்டை ஆள் இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"கெர்த்து, முன்னாடி ஒரு குட்டை இருக்கு."

"தெரியும்" என்று சொல்லி, அந்தப் பெண்மணி நேராகக் குட்டையில் காலை வைத்தாள்.

"தெரியும்னா சரி. ஷூவுக்குத் தெரியாம இருந்திருக்கும்."

கெர்த்து விபத்து நிதியின் விசாரணையாளர். அறுபது வயது இருக்கும். கண்ணில் புரை விழுந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கார் ஓட்டுவதும் எழுத்துப் படித்துக் காட்டுவதும் யல்மாரி. அவளுடைய முன்னாள் கணவர். விவாகரத்து ஆகிப் பதினோரு வருடம்.

"வீடு அவளுக்கு, காரு எனக்குன்னு பிரிச்சாங்க" என்று அவரே சொன்னார், காபிக் கோப்பையை நீட்டியபடி. "இப்ப அவளுக்குக் காரு வேண்டியிருக்கு, எனக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டியிருக்கு. வக்கீலுக்குக் குடுத்ததுதான் தெண்டம்."

"யல்மாரி, வாயை மூடு. ஹெல்கா, உங்க லெட்டர் வந்துச்சு. இருபத்திரண்டு வருஷத்துல தப்பு என்னுதுன்னு எழுதின முதல் ஆள் நீங்க. வழக்கமா எல்லாரும் மாட்டு மேல பழியப் போடுவாங்க."

"போன மாசம் ஒருத்தர் கோழி மேல போட்டாரு" என்றார் யல்மாரி.

"மாத்தி மாட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் கெர்த்து.

"மேல நீலம்னுதான் ஞாபகம். ஆனா நீலம் கீழ இருக்கு. நானே போய்ப் பார்த்தேன். அப்ப என் ஞாபகந்தானே தப்பு?"

"ஞாபகத்தையும் ஹோஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ஹோஸைத்தான் நம்புவீங்களா?"

"ஹோஸைத் தொட முடியுது" என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "சரி. வாங்க, தொடுவோம்."

கொட்டகையில் ரெய்னோ காத்திருந்தான். லோடர் கைகளுக்குத் தடிமனான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தான். என்னைப் பார்க்காமல் கெர்த்துவிடம் தலையசைத்தான்.

கெர்த்து டிராக்டரை முகர்ந்து பார்க்கிறவள்போல முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்தாள். "யல்மாரி, இந்த நட்டைக் கழட்டு."

அவர் முயன்றார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. "இது எலி பூந்து போற இடம். நான் பெரிய குடும்பத்துல பொறந்தவன்."

"ரெய்னோ, உங்க அண்ணன் கை எப்படி?"

"ரெண்டு ரொட்டித் துடுப்பு மாதிரி இருக்கும். அதனாலதான் ஹெல்காவக் கூப்பிட்டிருக்கான்."

"பாட்டரித் தட்டக் கழட்டினா?"

"கஷ்டப்பட்டுப் போகும். தோல் உரியும்."

கெர்த்து என் பக்கம் திரும்பினாள். பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ நின்றது. "ஆஸ்பத்திரியில அவரைப் பார்த்தீங்க இல்ல. வலது கை எப்படி இருந்துச்சு?"

பார்த்தேன். முகத்தை மூடியிருந்தார்கள். கையை மட்டும்தான் எனக்கென்று வெளியே விட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முட்டியில சிராய்ப்பு. நாலு விரல்லயும். அந்த... அதுல ஆனதுன்னு நினைச்சேன்."

"காலைல உங்க விரலத் துடைச்சுவிட்டப்போ இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நீங்க போனதுக்கப்புறம் அந்தக் கை உள்ள போயிருக்கு."

"இறுக்கம் சரியில்லன்னு இறுக்கியிருப்பான்" என்றான் ரெய்னோ.

"இருக்கலாம்" என்று கெர்த்து உடனே ஒத்துக்கொண்டாள். எனக்கு ஏனோ அது பிடித்திருந்தது. "சும்மா இறுக்கினா எண்ணெய் கொட்டாது. கழட்டினாத்தான் கொட்டும். கீழ என்ன இருக்கு?"

யல்மாரி முனகிக்கொண்டே மண்ணில் படுத்து, டிராக்டரின் வயிற்றுக்கடியில் கையைவிட்டு ஒன்றை உருவினார். எண்ணெயில் ஊறிக் கறுத்த செய்தித்தாள். இரண்டு பெரிய வட்டக் கறை.

"படி."

"பால் விலை ஏறப்போகுதாம். ஒரு ஆளு படகு விக்கிறாரு, துடுப்பு ஒண்ணுதான் இருக்காம், வட்டமாப் போறவங்களுக்கு ஆகும்..."

"தேதியப் படி."

யல்மாரி எழுந்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவர் குரலில் விளையாட்டு போய்விட்டது. "அன்னிக்குத் தேதி."

எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அன்றைய செய்தித்தாளை நான் மடித்துக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவன் கடைசியாகப் பிரித்த தாள். அதில் நடுத்தாள் இல்லை என்பதைப் பத்து நாளாகப் பார்க்கிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிக்க மாட்டான். குறுக்கெழுத்து அதில்தான் வரும், அது என்னுடையது.

"இங்க பேப்பர் எத்தனை மணிக்கு வரும்?" என்றாள் கெர்த்து.

"தபாலோட. பதினோரு மணிக்கு."

"நீங்க?"

"எட்டரைக்கே போயிட்டேன்."

ரெய்னோ தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். "அப்ப... அவ தப்பா மாட்டினதை அவன் சரி பண்ணியிருக்கான்."

"சரி பண்ணினா இப்ப சரியா இருக்கணுமே ரெய்னோ. நீங்க சீட்ல உக்காந்து இழுத்தப்ப என்ன ஆச்சு?"

"இறங்குச்சு."

"காலைல மேல நீலம். சரியாத்தான் இருந்திருக்கு. பதினோரு மணிக்கப்புறம் அவரே கழட்டித் தலைகீழா மாட்டியிருக்கார்."

நான் விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். என் கை மடியில் கிடந்தது. ரெய்னோ கேட்ட நாளிலிருந்து அந்தக் கையால் நான் ரொட்டி வெட்டவில்லை, இடது கையால்தான் வெட்டினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஹெல்கா" என்றான் ரெய்னோ. "நான் வந்து..."

"விடு."

"ஒண்ணு மட்டும் புரியல" என்றார் யல்மாரி, பேண்டிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு. "முப்பது வருஷம் இதையே ஓட்டின ஆளு. எதுக்கு மாத்தணும்? நான் என் வீட்டு ஸ்விட்சைத் தலைகீழா மாட்டுவேனா?"

"மாட்டினயே."

"அது கல்யாணமான முதல் வருஷம். அனுபவம் பத்தல."

கெர்த்து டிராக்டரைச் சுற்றி முன்பக்கம் நடந்தாள். திடீரென்று நின்றாள். "இது என்ன, என் வயித்துல குத்துது?"

நீளமான இரும்புத் தண்டு, அன்று காலையில் நான் பார்க்காதது. பழைய வைக்கோல் வாரியின் பல்லை நேராக்கிச் செய்தது. லீவரில் பற்றவைத்து, முன் சக்கரத்தைத் தாண்டி, லோடர் கைக்கு வெளியே வரை நீட்டியிருந்தது. நுனியில் பிர்ச் மரத்தில் இழைத்த உருண்டைப் பிடி.

"அதுவா? ஏதோ முட்டுக் குடுத்திருக்கான்னு நினைச்சேன்" என்றான் ரெய்னோ.

"முட்டுக்கு யாராவது பிடி இழைப்பாங்களா? யல்மாரி, பிடி."

யல்மாரி முதுகை வளைத்துப் பிடித்தார். "யாரோ குள்ளனுக்குப் பண்ணினது."

"ரெய்னோ, நீங்க." ரெய்னோவும் குனிய வேண்டியிருந்தது. கெர்த்துவும் குனிந்தாள். ஒலாவி இவர்கள் எல்லாரையும்விட உயரம்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் எழுந்து போய் நின்றேன். கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடித்தேன். பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் செதுக்கியிருந்தான். என் கட்டைவிரல் சரியாக அதில் இறங்கியது.



"இங்க நின்னா அந்தக் கை இறங்கினாலும் உங்க மேல படாது" என்றாள் கெர்த்து, தண்டின் நீளத்தைத் தடவிக்கொண்டே. "ஹெல்கா, பயந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என் பக்கம் இழுப்பேன்."

"ரெய்னோ, எஞ்சினப் போடுங்க."

எஞ்சின் இருமி, புகைந்து, ஓடியது. நான் பிடியை என் பக்கம் இழுத்தேன். இரும்புக் கைகள் மரக்கட்டைகளை விட்டுவிட்டு அமைதியாக மேலே போயின. கூரை வரை. நான் விட்டதும் நின்றன. ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை.

அவன் செய்த வால்வு நன்றாக இருந்தது.

ரெய்னோ எஞ்சினை நிறுத்தினான். கெர்த்து மெதுவாகக் கேட்டாள். "சாயங்காலம் வரைக்கும் அவர் ஏன் பொறுக்கல? உங்க கை இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. தோலை உரிச்சுக்கிட்டு எதுக்கு..."

"மறுநாள் என் பெயர்நாள்" என்றேன். காலண்டரில் என் பெயர் வரும் அந்த நாளைப் பிறந்தநாள்போலக் கொண்டாடுவோம்.

ரெய்னோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "கேக்குக்கு எங்க வீட்டுல சொல்லியிருந்தான். உனக்குத் தெரியக்கூடாதுன்னான். அன்னிக்குச் சாயங்காலம் அதப் பார்த்துட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம... கோழிக்குப் போட்டுட்டோம், ஹெல்கா."

"நீங்க அவரை எங்க பார்த்தீங்க?" என்றாள் கெர்த்து அவனிடம்.

"உள்ள. ரெண்டு கைக்கும் நடுவுல. லீவர்கிட்ட."

"நீளப் பிடிகிட்ட இல்ல."

"இல்ல. பழைய இடத்துல."

"புதுசு ஹெல்காவுக்கு. தனக்குப் பழசே போதும்னு இருந்திருக்கார். கசியுதான்னு பார்க்க உள்ள குனிஞ்சிருக்கார். இன்னும் கொஞ்சம் தூக்கணும்னு தோணியிருக்கு. சீட்டுக்கு ஏறாம, கீழ நின்னபடியே லீவரைப் பிடிச்சிருக்கார்." அவள் நிறுத்தினாள். "உங்க ஊர்ல எத்தனை பேரு அப்படிக் கீழ நின்னு பிடிப்பீங்க?"

"எல்லாருந்தான்" என்றான் ரெய்னோ.

"கீழ நின்னா எந்தப் பக்கம்?"

ரெய்னோ வெறுங்கையைக் காற்றில் நீட்டினான். யோசிக்கவே இல்லை, கை தானாகத் தள்ளியது. தான் செய்ததைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டான்.

முப்பது வருடம் தள்ளித்தான் ஏற்றியிருக்கிறார்கள். அன்று காலை வரை அது சரிதான். மத்தியானம் அதை எனக்காக மாற்றினான். தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

யல்மாரி எண்ணெய்த் தாளை நான்காக மடித்தார். எனக்கு வேண்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

சமையலறையில் கெர்த்து ஃபாரத்தை மேஜையில் வைத்தாள். எழுதுவது யல்மாரி. "காரணம்" என்ற கட்டம் காலியாக இருந்தது.

"உங்க லெட்டரைக் கிழிச்சுடறேன்" என்றாள். "தப்பு உங்களுது இல்ல. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க."

"அப்ப அந்தக் கட்டத்துல எனக்காகச் செஞ்சான்னு எழுதுங்க."

அவள் மங்கிய கண்களை என் பக்கம் திருப்பினாள். இந்தத் தடவை சரியாக என் முகத்தில் நின்றன.

"அதுக்கு இதுல கட்டம் இல்ல, ஹெல்கா."

யல்மாரி எழுதினார்: தரையில் நின்று லீவரை இயக்கியது. பேனா எழுதும் சத்தம் நீண்ட நேரம் கேட்டதுபோல் இருந்தது.

போகும்போது முற்றத்தில் அவர் மறுபடி சொன்னார். "கெர்த்து, குட்டை."

"தெரியும்" என்றாள். ஆனால் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள். கார் திரும்பிப் பாதையில் மறையும்வரை ஜன்னலில் நின்றேன். அவர்கள் சண்டை போடத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் மூடியிருந்தும் எனக்குத் தெரிந்தது, யல்மாரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேசினார்.

அடுத்த மாதம் ரெய்னோ ஸ்பேனரோடு வந்தான். ஹோஸ்களைப் பழையபடி மாற்றி மாட்டித் தருகிறேன், யாருக்கும் பழக்கமில்லாததை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். இப்போது அந்த டிராக்டரை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. விறகுக் கூண்டுகளை நான்தான் ஏற்றுகிறேன், ஒரு சமயத்தில் ஒன்று, மெதுவாக. உடைந்த சவுனாப் படி இரண்டும் உடைந்தபடியே இருக்கின்றன. பிர்ச் பிடி என் கைபட்டுக் கறுத்துவிட்டது. நீலக் கயிறு கீழே, ஆரஞ்சு மேலே.

என் பக்கம் இழுத்தால், மேலே போகிறது.